கோஸ் குடும்பமும் விதைக்கு விட்ட செடியும்



இரவுச் சந்தையில் ஒரு காய்கறிக் கடையின் முன் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூடையில் முட்டைக்கோஸ். அதன் பக்கத்தில் காலிபிளவர். அடுத்து, பச்சைப் பூங்கொத்துப் போலப் புரோக்கோலி. கட்டுக்கட்டாகக் காய்லான். சில கடைகளில் பச்சைப் பந்து போன்ற நூல்கோலும் இருக்கும். இவை எத்தனை இனச் செடிகள் என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் ஐந்து என்போம். தாவர நூலார் தரும் விடை வேறு. ஐந்தும் ஒரே இனம் என்கிறார்கள் அவர்கள். மாவும் பலாவும் போல இவை வெவ்வேறு இனங்கள் அல்ல. ஒட்டு மாவும் நாட்டு மாவும் போல, ஓர் இனத்தின் பல உருவங்கள்.

ஒரே இனத்தில் இவ்வளவு வேற்றுமை எப்படி வந்தது? அதை வளர்த்தவர்கள் யார்? அதனால் நமக்கு ஆவது என்ன? இம்மூன்று கேள்விகளுக்கும் இன்றைய உரையில் விடை காண்போம்.

முதலில், ஒரே இனம் என்பதற்குச் சான்று என்ன? நாம் கோஸையும் காலிபிளவரையும் பூக்கும் முன்பே அறுத்துச் சமைத்துவிடுகிறோம். ஆகவே அவற்றின் பூவை நாம் பார்ப்பதில்லை. அறுக்காமல் விட்டுப் பூக்க வைத்தால், எல்லாவற்றிலும் நான்கு இதழ்கள் கொண்ட சிறு பூ சிலுவை வடிவில் மலரும். பெரும்பாலும் மஞ்சள் நிறம், காய்லானில் வெள்ளை. பூ உதிர்ந்தபின் மெல்லிய நீண்ட காய்கள் தோன்றும். காய்க்குள் கடுகைப் போன்ற உருண்டை விதைகள் இருக்கும். விதையை மட்டும் கையில் கொடுத்து, இது கோஸா, காலிபிளவரா என்று கேட்டால் கைதேர்ந்த தோட்டக்காரரும் திணறிப் போவார்.

ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சார்லஸ் டார்வின் இதைக் கூர்ந்து கவனித்தவர். இலையிலும் தண்டிலும் பெரும் வேற்றுமை. பூவிலும் காயிலும் விதையிலும் மிகச் சிறு வேற்றுமை. மனிதன் எந்த உறுப்பை விரும்பித் தேடினானோ அந்த உறுப்பே மாறியிருக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் வேறொரு சோதனையும் செய்தார். பலவகைக் கோஸ் செடிகள் அருகருகே பூத்த இடத்திலிருந்து விதை எடுத்து 233 நாற்றுகளை வளர்த்தார். அவற்றுள் தம் வகையை ஒத்து வளர்ந்தவை 78 மட்டுமே. அந்த 78-லும் சில முழுமையாக ஒத்திருக்கவில்லை. மற்றவை எல்லாம் கலப்பு. இதனை 1859-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் அவர் எழுதியிருக்கிறார். இவ்வளவு எளிதாக ஒன்றோடொன்று கலந்து பிள்ளை பெறுகின்றன என்றால், அவை ஓரினம் என்பதில் ஐயமென்ன?

இவற்றின் மூதாதை ஒரு காட்டுச் செடி. காட்டுக்கோஸ் இன்றும் இங்கிலாந்து, பிரான்சு, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் கடலோரப் பாறைகளில் வளர்கிறது. அதன் நெருங்கிய உறவினச் செடிகள் மத்தியதரைக் கடற்கரைகளில் உள்ளன. முதன்முதலில் இச்செடி மனிதர் கைக்கு வந்தது கிழக்கு மத்தியதரைப் பகுதியில்தான் என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் காட்டுச் செடிக்கு உருண்டை இல்லை, பூங்கட்டி இல்லை. தடித்த இலைகள் உண்டு; இலைமேல் மெழுகுப் பூச்சு உண்டு. உப்புக் காற்றையும் வறட்சியையும் தாங்க அம்மெழுகு உதவுகிறது. கடித்தால் காரமும் கசப்பும் நாவில் ஏறும். பூச்சிகளை விரட்ட அச்செடி தனக்குத் தானே வைத்துக்கொண்ட காவல் அது.

இலைக்காகத்தான் மக்கள் அதை முதலில் வளர்த்தார்கள். இயேசு பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் சுருள் இலைக் கோஸ், வழவழப்பான இலைக் கோஸ், காட்டுக் கோஸ் என மூன்று வகையைக் குறித்திருக்கிறார். ரோமானியரான கேட்டோ, கி.மு. 160-ஐ ஒட்டி எழுதிய வேளாண்மை நூலில், காய்கறிகளில் கோஸே தலைசிறந்தது எனப் புகழ்ந்து அதன் மருத்துவப் பயன்களை விரித்துரைக்கிறார். ஆகவே அந்நாளிலேயே ஒரு செடி பல வகையாகப் பிரியத் தொடங்கிவிட்டது.

வகைகள் பிரிவது எப்படி? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஐவரைப் பாருங்கள். ஒருவன் உயரம், ஒருவன் குட்டை. ஒருத்திக்குத் தாயின் முகம். ஒருத்திக்குத் தந்தையின் மூக்கு. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக வரும் மரபணுக்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் வெவ்வேறு விதமாகச் சேர்கின்றன. மரபணு என்பது உயிரணுவுக்குள் இருக்கும் கட்டளைச் சீட்டு. இலை எப்படி வளர வேண்டும், பூ எப்போது பூக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அச்சீட்டைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அப்போது இதுவரை இல்லாத ஒரு புதுமை தோன்றும்.

கோஸ் செடிக்கு இன்னொரு குணமும் உண்டு. பெரும்பாலும் அது தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதில்லை. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால்தான் நன்றாக விதை பிடிக்கும். சொந்தத்தில் மணம் முடிக்காமல் வெளியில் பெண் எடுக்கும் குடும்பம் அது என்று சொல்லலாம். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் புதுக் கலப்பு நடக்கிறது. வேற்றுமை வற்றுவதே இல்லை.

ஆனால் வேற்றுமை மட்டும் கோஸை உண்டாக்கிவிடாது. வந்த வேற்றுமையைப் பிடித்து வைக்க ஒருவர் வேண்டும். அவர்தான் விதைக்கு விடும் உழவர். இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும், நேயர்களே. கோஸ் முதல் ஆண்டில் இலை விட்டு உருண்டை கட்டும். குளிர்காலத்தைக் கடந்த பின்னரே இரண்டாம் ஆண்டில் பூத்து விதை தரும். உண்டுவிட்ட கோஸுக்கு விதை இல்லை. ஆகவே, நல்ல விதை வேண்டுமானால், கொல்லையிலேயே சிறந்த செடியை உண்ணாமல் விட வேண்டும். குளிர்காலத்தில் வீட்டில் உணவு குறைந்திருக்கும். பிள்ளைகள் பசித்திருக்கும். அந்நேரத்திலும், "அதோ அந்தப் பெரிய கோஸில் கை வைக்காதே, அது விதைக்கு" என்று ஒரு தாயோ தந்தையோ சொல்லியிருந்தால்தான் அந்த வகை அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கும். நல்லதைத் தின்றுவிட்டு மட்டமானதை விதைக்கு விட்டிருந்தால், ஆண்டுக்கு ஆண்டு பயிர் மட்டமாகியே போயிருக்கும். அவர்கள் மரபணு என்ற சொல்லைக் கேட்டவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் செய்தது மரபணுத் தேர்வுதான்.

ஓர் ஊரார் ஒன்றை விரும்பினர். மற்றோர் ஊரார் வேறொன்றை விரும்பினர். நுனி மொட்டைச் சுற்றி இலைகள் நெருங்கி மூடிய செடியை விதைக்கு விட்டவர்களிடம், இடைக்கால ஐரோப்பாவில், இன்றைய முட்டைக்கோஸ் உருப்பெற்றது. தண்டு பருத்த செடியை விரும்பியவர்களிடம் நூல்கோல் பிறந்தது. 16-ஆம் நூற்றாண்டு நூல்களில் அதனைக் காண்கிறோம். பூந்தண்டையும் மொட்டுக் கொத்தையும் விரும்பிய இத்தாலிய உழவரிடம் புரோக்கோலி வளர்ந்தது. தண்டின் ஓரத்தில் இலைக்கு ஒன்றாக எழும் பக்க மொட்டுகள் சிறு சிறு கோஸாகத் திரண்ட வகை, பெல்ஜியம் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டில் பரவியது. அந்நாட்டுத் தலைநகரின் பெயராலேயே அதைப் புருசெல்ஸ் கோஸ் என்கிறோம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஜெர்சித் தீவில் வளரும் ஒரு வகை, ஆளுயரத்தையும் தாண்டி மூன்று மீட்டர் அளவுக்கு ஓங்கும். அதன் தண்டைக் காயவைத்து, மெருகேற்றி, ஊன்றுகோலாக விற்றார்கள்! நாம் பொரியல் செய்யும் கோஸும் முதியவர் ஊன்றும் கோலும் ஓரினம் என்றால் வியப்பாக இல்லையா?

காலிபிளவரின் கதை தனிச் சுவையுடையது. நாம் உண்ணும் அந்த வெள்ளைக் கட்டி, பூவாக முயன்று பூவாக முடியாமல் நின்ற ஆயிரமாயிரம் அரும்புகளின் திரள். "இனிப் பூவாகு" என்று கட்டளையிடும் ஒரு மரபணு அதில் பழுதாகியிருக்கிறது என்பதை 1995-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு களைச்செடியை ஆராய்ந்தபோது இது தெரியவந்தது. இந்த ஒரு பழுது மட்டுமே காரணமன்று. வேறு சில மரபணுக்களும் சேர்ந்தே அவ்வடிவத்தை உண்டாக்குகின்றன. காட்டில் இருந்திருந்தால் அச்செடி விதை குறைந்து அழிந்திருக்கும். மனிதர் கண்ணில் பட்டதால் விருந்துக்கு வந்தது.

ஒரு மரபணு இத்தனை செய்யுமா என்று ஐயுறுவோர் நம் தோட்டத்துச் செம்பனையைப் பார்க்கலாம். டூரா பழத்தில் கொட்டையின் ஓடு தடிப்பு. பிசிபெராவில் ஓடே இல்லை. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட டெனேரா கிடைக்கிறது. நம் தோட்டங்களில் இன்று நடுவது பெரும்பாலும் இதுவே. ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 1941-இல் ஆய்வாளர் காட்டினர். அந்த மரபணு எதுவென்று மலேசிய ஆய்வாளர்களும் பங்குகொண்ட குழு 2013-இல் கண்டறிந்தது. டெனேரா மரங்கள் தமக்குள் கலந்து விழும் விதையை எடுத்து நட்டால் என்ன ஆகும்? ஏறத்தாழ நான்கில் இரண்டு பங்கு டெனேரா. ஒரு பங்கு டூரா. ஒரு பங்கு பிசிபெரா. கலந்து வந்த குணம் அடுத்த தலைமுறையில் மீண்டும் பிரிந்துவிடுகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி விதைக்கும் இது வேண்டியிருக்கும்.

இதுவரை ஓர் இனத்தின் கதையைக் கேட்டோம். இனி, அதன் பங்காளி இனங்களைப் பார்ப்போம். மரபணுக்கள் குரோமோசோம் என்னும் நூலிழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. கோஸுக்கு அவை 9 இணை. பக்சோய், சீனக் கோஸ், சாய்சிம் என்னும் சாவிக் கீரை ஆகியவை சேர்ந்த இனத்துக்கு 10 இணை. கருங்கடுகுக்கு 8 இணை. நாம் தாளிக்கப் பயன்படுத்தும் கடுகு பெரும்பாலும் வேறோர் இனம். கசப்புச் சாவி என்று நாம் வாங்கும் கீரையும் அவ்வினமே. அதற்கு 18 இணை. 10-உம் 8-உம் 18 அல்லவா? ஆம், பக்சோய் இனமும் கருங்கடுகும் முன்னொரு காலத்தில் தாமாகக் கலந்து, இருவரின் முழுச் சொத்தையும் சேர்த்து வைத்துக்கொண்ட பிள்ளைதான் நம் வீட்டுக் கடுகு.

இவ்வுறவைத் தெளிவாக வரைந்து காட்டியவர் ஊ ஜாங்-சுன் என்பவர். தந்தை கொரியர், தாய் ஜப்பானியர். 1898-இல் ஜப்பானில் பிறந்தார். 1935-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மூன்று மூல இனங்களையும் அவை கலந்து பிறந்த மூன்று இனங்களையும் ஒரு முக்கோணமாகக் காட்டியது. அம்முக்கோணத்தை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கின்றனர். 1950-இல் அவர் தந்தையின் நாடான கொரியாவுக்குச் சென்றார். அந்நாடு தனக்கு வேண்டிய கோஸ், முள்ளங்கி விதைகளைத் தானே உண்டாக்கிக்கொள்ள வழி செய்தார். 1959-இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார். ஒரு நாட்டுக்குச் சோறு எவ்வளவு தேவையோ, விதையும் அவ்வளவு தேவை என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

கலந்தால் எல்லாம் நல்லதாகவே வரும் என்று எண்ணிவிடக் கூடாது. சோவியத் நாட்டு விஞ்ஞானி கார்பெசெங்கோ 1920-ஆம் ஆண்டுகளில் முள்ளங்கியையும் கோஸையும் கலந்தார். மண்ணுக்குக் கீழே முள்ளங்கி, மேலே கோஸ் என்று கிடைத்தால் எவ்வளவு இலாபம்! ஆனால் வந்த செடியில் முள்ளங்கிக் கிழங்கும் இல்லை. கோஸ் உருண்டையும் இல்லை. ஆயினும் இரண்டு வேறு செடிகள் கலந்து புதியதோர் இனம் பிறக்க முடியும் என்ற உண்மை அதனால் உறுதிப்பட்டது.

இனி, நமக்கு ஆவது என்ன என்ற கேள்விக்கு வருவோம்.

கடையில் பொட்டலமாக விற்கும் கோஸ் விதைகளில் பல இன்று கலப்பின விதைகள். ஒரே அளவு, ஒரே நாளில் அறுவடை, நல்ல விளைச்சல். இவை அவற்றின் சிறப்பு. ஆனால் அவற்றின் விதையை எடுத்து நட்டால், டெனேராவின் பிள்ளைகள் போலக் குணம் பிரிந்து, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். ஆகவே ஒவ்வொரு பருவமும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. இலாபமான வகைகள் சிலவே எங்கும் பரவும்போது, ஊருக்கு ஊர் இருந்த பழைய வகைகள் மறைகின்றன. ஒரு வகை மறைந்தால் அதன் மரபணுக்களும் மறைகின்றன.

அதனால் இழப்பு என்ன? ஓர் எடுத்துக்காட்டு. கோஸ் குடும்பத்தைத் தாக்கும் வேர்வீக்க நோய் என்று ஒன்று உண்டு. வேர் வீங்கித் திரண்டு, செடி வாடிவிடும். நோய்க்கிருமியோ மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சீனக் கோஸ் இந்நோயால் அழிந்தபோது, அதைத் தாங்கும் மரபணு எங்கே கிடைத்தது தெரியுமா? ஐரோப்பாவில் மாட்டுத் தீவனத்துக்கு வளர்த்த ஒருவகை டர்னிப் கிழங்கில். அது சீனக் கோஸின் பங்காளி என்பதால் ஜப்பானிய ஆய்வாளர் இரண்டையும் கலந்து நோய் தாங்கும் வகைகளை உண்டாக்கினர். மாட்டுத் தீவனந்தானே என்று அதை ஒதுக்கி அழித்திருந்தால் அந்த மருந்து இல்லாமல் போயிருக்கும். அதுபோலவே, 1971-இல் தைவானில் நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம், பல இடங்களின் சீனக் கோஸ் வகைகளைச் சேர்த்து ஆராய்ந்து, வெப்பத்திலும் தலைகட்டும் வகைகளை உருவாக்கியது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டினருக்கு அது பெரும் உதவி. அம்மையம் இன்று உலகக் காய்கறி மையம் என்ற பெயரில் இயங்குகிறது.

சரி, லயத்து வீட்டின் பின்புறத்தில் நாம் செய்யக்கூடியது உண்டா? உண்டு. முட்டைக்கோஸ் பூப்பதற்குக் குளிர் வேண்டும். நம் தாழ்நிலத் தோட்டங்களில் அது பூப்பது அரிது. அதனை விட்டுவிடுவோம். சாவிக் கீரையும் கசப்புச் சாவியும் நம் வெயிலிலேயே பூக்கும். கலப்பினமல்லாத விதையாகப் பார்த்து வாங்கி விதையுங்கள். வளரும்போது நாள்தோறும் கவனியுங்கள். எது நோயின்றி வளர்கிறது? எதில் இலை அகலம்? எது பூச்சியைத் தாங்குகிறது? அத்தகைய செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள், கறிக்குப் பறிக்காதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முந்திப் பூப்பதை விதைக்கு எடுப்பது எளிது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், சில தலைமுறையில் இலை விடாமல் விரைந்து பூக்கும் கீரையே மிஞ்சும். நமக்கு வேண்டியது இலை. ஆகவே இலை நிறையத் தந்து, பிந்திப் பூப்பதையே விதைக்கு விட வேண்டும்.

சாவிக் கீரையில் ஒரு செடியை மட்டும் விடாமல் பல செடிகளை விடுங்கள். அதுவும் பிற செடியின் மகரந்தத்தை நாடும் வகையே. அதே நேரத்தில் அருகில் பக்சோய் பூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஓரினம் என்பதால் கலந்துவிடும். டார்வினின் 233 நாற்றுகளை மறந்துவிடலாகாது. காய் மஞ்சளானதும், வெடித்துச் சிதறும் முன், தண்டோடு அறுத்து நிழலில் உலர்த்துங்கள். விதையைத் தட்டி எடுத்து, நன்கு காயவிட்டு, ஈரம் புகாத போத்தலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டிவையுங்கள்.

பிள்ளைகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. விதைக்கு விட்ட செடியின் பிள்ளைகளையும், மற்றச் செடியின் பிள்ளைகளையும் இரண்டு பாத்தியில் விதைத்து, இலையின் நீளத்தை அளந்து ஏட்டில் குறித்து வரட்டும். மூன்று நான்கு தலைமுறையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியக்கூடும். கடலோரப் பாறையில் நின்ற கசப்புச் செடியை நம் சட்டிக்குக் கொண்டுவந்தவர்கள் நம்மைப் போல மண்ணில் உழைத்தவர்களே. பள்ளிக்கூடம் காணாத அவர்கள் செய்ததைப் படிக்கும் பிள்ளைகள் செய்ய முடியாதா? முடியும். அதற்குக் கூர்ந்த கண்ணும், நல்லதை உண்ணாமல் விட்டுவைக்கும் மனமும் இருந்தால் போதும்.